நான்கு வருடமாக நிலையான ஐபி முகவரியில் என் கணினி

வீட்டுக் கணினிக்கு நிலையான ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் மாறாத எண், வைத்து நான்கு வருடம் ஆகிறது. எனக்கு அது தேவைப்பட்டது ஸ்கேனருக்காக. ஸ்கேன் செய்யும் பக்கங்கள் கணினியில் உள்ள ஒரு ஃபோல்டருக்கு நேராகப் போய்ச் சேரும்படி, கணினியின் அந்த எண்ணை ஸ்கேனரில் பதிந்து வைத்திருந்தேன். கணினியைச் சில நாள் அணைத்து வைத்துவிட்டுத் திரும்ப ஆன் செய்தால் அதற்கு வேறு எண் வந்திருக்கும். ஸ்கேனரோ பழைய எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும்.

ரவுட்டர் தன் டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக எண் கொடுக்கும் முறை) மூலம் எண்களை ஒரு கெடுவுக்குள்தான் கொடுக்கிறது, வாடகை மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும் கணினி, பாதிக் கெடு தாண்டியதும் தானே கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். அணைந்து கிடக்கும்போது கெடு முடிந்துவிட்டால் அந்த எண் வேறு கருவிக்குப் போக வாய்ப்பு உண்டு.

விண்டோஸ் 10இல் செட்டிங்ஸுக்குள் போய் மேனுவல் என்று மாற்றி எண்களை நிரப்புவது சில நிமிட வேலைதான். அதிலும் இரண்டு இடத்தில் தடுக்கியது. சப்நெட் கட்டத்தில் 255.255.255.0 என்று போட்டேன், சேமிக்கவில்லை. நான் போட்டது மாஸ்க், எண்ணில் எவ்வளவு பகுதி வலையமைப்பைக் குறிக்கிறது என்று காட்டுவது. அந்தப் பெட்டி கேட்பது மாஸ்க்கை அல்ல, அதையே ஒற்றை எண்ணாகச் சொல்லும் ப்ரிஃபிக்ஸ் நீளத்தை. அங்கே 24 என்றுதான் போட வேண்டும். விண்டோஸ் 11 மாஸ்க்கையே கேட்பதால் அதில் இந்தக் குழப்பம் இல்லை. இரண்டாவது, டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு உரிய ஐபி எண்ணைத் தேடித் தரும் சேவை) கட்டத்தைக் காலியாக விட்டது. மேனுவலுக்கு மாறிவிட்டால் ரவுட்டர் அதைக் கொடுக்காது, நாம்தான் நிரப்ப வேண்டும். ரவுட்டரின் எண்ணையே கொடுக்கலாம், 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ்ஸும் போதும். காலியாக விட்டால் இணைப்பு இருப்பதாகவே காட்டும், ஆனால் ஒரு தளமும் திறக்காது.

பெரிய தவறு வெளிப்பட மூன்று மாதம் ஆனது. நான் எடுத்திருந்த எண் 192.168.1.120. ரவுட்டர் மற்ற கருவிகளுக்குக் கொடுத்துவந்ததோ 100 முதல் 199 வரை. கணினி அணைந்திருந்த ஒரு நாள், யாரும் பயன்படுத்தாத எண் என்று நினைத்து 120ஐ ஒரு கைபேசிக்குக் கொடுத்துவிட்டது. கணினியை ஆன் செய்ததும் முகவரி மோதல் என்று எச்சரிக்கை. ரவுட்டர் மேல் குற்றமில்லை, அதனிடம் நான் சொல்லவே இல்லையே. அன்றே 192.168.1.20க்கு மாற்றினேன். ரவுட்டர் கொடுக்கும் வரம்பைப் பார்க்காமல் எண் எடுக்காதீர்கள்.

மூன்றாம் வருடம் ரவுட்டரை மாற்றினோம். புதியது 192.168.0.1இல் இருந்தது. கைபேசிகளில் எல்லாம் இணையம் வந்தது, என் கணினியில் மட்டும் வரவில்லை. பழைய கேட்வேயையே, அதாவது இணையத்துக்கு வழியாக இருந்த பழைய ரவுட்டரின் எண்ணையே, அது தேடிக்கொண்டிருந்தது. கேபிளைச் சந்தேகித்து ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது.

அதற்குப் பிறகு கணினியைத் தானியங்கிக்கே திருப்பிவிட்டு, எண்ணை ரவுட்டரில் ஒதுக்கி வைத்தேன். ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் கணினியின் மேக் முகவரியையும் (வலையமைப்புக் கருவியின் அடையாள எண்) அதற்கு வேண்டிய ஐபி எண்ணையும் சேர்த்துப் பதிந்தால் போதும். ரவுட்டர் மாறினால் மறுபடி பதிய வேண்டும்தான், ஆனால் அதுவரை இணையமாவது வரும். மடிக்கணினி என்றால் நான் இதை மட்டும்தான் சொல்வேன். கையால் எண் வைத்த மடிக்கணினியை வேறொரு வைஃபைக்குக் கொண்டுபோனால், எண் வரிசை ஒத்துவராதவரை இணையம் கிடைக்காது.

ஒன்று கவனியுங்கள்: கேபிளுக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு வேறு ஒன்று. நான் கேபிளுடையதை மட்டும் பதிந்துவிட்டு, வைஃபைக்கு மாறிய நாளில் ஏன் எண் மாறியது என்று தேடினேன். வைஃபையில் ரேண்டம் மேக் வசதி (உண்மையான மேக் முகவரிக்குப் பதில் வேறொன்றைக் காட்டுவது) ஆனாகி இருந்தாலும் ஒதுக்கீடு பிடிக்காது, வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.

இதெல்லாம் வீட்டுக்குள் செல்லுபடியாகும் எண். 192.168 என்று தொடங்குபவை 1996இலேயே தனி வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை, வெளியிலிருந்து அவற்றை நேரடியாக அடைய முடியாது. வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியை ஒரே எண்ணில் தொட வேண்டும் என்றால், இணைய சேவை தருபவரிடம் நிலையான பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை. ஒதுக்கீட்டுக்கு மாறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஸ்கேனரில் பதிந்த எண்ணை இன்னும் தொடவில்லை. பிரின்டருக்கும் இப்போது அப்படியே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.