கேட்டுப் பார்த்தாயா? சிகாகோவின் ‘பிகமிங் எ மேன்’ பற்றி ஒரு கணக்கு ஆசிரியை

சிகாகோவின் தென்பகுதியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு கற்பிக்கிறேன். என் மாணவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள். அவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. அடுத்த வாரமும் வந்து உட்காரும் ஆள்தான் கிடைப்பதில்லை. ‘யூத் கைடன்ஸ்’ தொண்டு நிறுவனம் பள்ளிப் பையன்களுக்காக நடத்தும் ‘பிகமிங் எ மேன்’ திட்டத்தை நான் மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான்: அதன் ஆலோசகர் தவறாமல் வருகிறார்.

2001-ல் அந்தோனி ராமிரெஸ்-டி விட்டோரியோ தொடங்கிய திட்டம் இது. வாரம் ஒரு பாடவேளை, பள்ளி நேரத்திலேயே, பதினைந்து பேருக்கு மிகாமல் பையன்கள் வட்டமாக உட்காருவார்கள். இன்று உடல் எப்படி, மனம் எப்படி என்று ஒவ்வொருவராகச் சொல்லித் தொடங்க வேண்டும். ஆலோசகருக்கும் விலக்கு இல்லை. நேர்மை, பொறுப்பேற்றல், கோபத்தை முறையாக வெளிப்படுத்துதல், பெண்களை மதித்தல் என்று போகின்றன பாடங்கள். பட்டியலாகப் படித்தால் எந்த நீதிபோதனை வகுப்பும் இப்படித்தான் இருக்கும். வித்தியாசம் சொல்லித்தரும் விதத்தில் இருக்கிறது.

ஆசிரியர்களான எங்களுக்கும் ஒருநாள் ஒரு பயிற்சி வைத்தார்கள். என் கையில் ஒரு பந்து. எதிரே வரலாற்று ஆசிரியர். முப்பது வினாடிக்குள் அவர் அதை வாங்கிவிட வேண்டும். மனிதர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். நான் இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டேன். நேரம் முடிந்ததும் ஆலோசகர் அவரிடம் கேட்டார்: “பந்தைத் தருகிறீர்களா என்று ஏன் கேட்கவில்லை?” கேட்டாலும் தரமாட்டார் என்று நினைத்தாராம். என்னிடம் திரும்பி, “கேட்டிருந்தால் தந்திருப்பீர்களா?” என்றார். தந்திருப்பேன். வெறும் பந்துதானே!

இந்தப் பையன்கள் வளரும் தெருக்களில் விட்டுக்கொடுப்பவனை மறுநாளும் சீண்டுவார்கள். உடனே திருப்பி அடிப்பது அங்கே தற்காப்பு. திட்டம் அதைக் குற்றம் சொல்வதில்லை. அந்தக் கணத்தில் ஒரு மூச்சு நிதானித்து, இது எந்த இடம், எதிரில் இருப்பவன் உண்மையில் என்ன நினைக்கிறான் என்று பார்க்கப் பழக்குகிறது. என் வகுப்பில் ஒருவனுடைய நோட்டு மேசையிலிருந்து விழுந்தது. எழுந்தவன், தட்டிவிட்டவன் முகத்தைப் பார்த்து, “வேண்டுமென்று செய்தாயா?” என்று மட்டும் கேட்டான். அவன் குனிந்து எடுத்துக் கொடுத்தான். பாடம் தொடர்ந்தது.

சிகாகோ பல்கலைக்கழகக் குற்ற ஆய்வகம் குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து இரண்டு ஆய்வுகள் நடத்தியது. திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50 சதவீதம் வரை குறைந்தன. முதல் ஆய்வின் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் விகிதம் 12 முதல் 19 சதவீதம் வரை கூடியிருந்தது. 2013-ல் ஹைட் பார்க் அகாடமியில் ஒபாமா இந்த வட்டத்தில் உட்கார்ந்து பேசினார். மறு ஆண்டு, கறுப்பின, லத்தீன் இனப் பையன்கள் முன்னேற உதவும் ‘மை பிரதர்ஸ் கீப்பர்’ திட்டத்தை அவர் அறிவித்தபோது அந்தப் பையன்கள் வெள்ளை மாளிகையில் இருந்தார்கள்.

குறை உண்டா? வட்டம் அல்ஜீப்ரா சொல்லித்தராது. பின்னங்களிலேயே தடுமாறும் பத்தாம் வகுப்புப் பையன், கோபத்தை அடக்கக் கற்றுக்கொண்டாலும் தேர்வில் தோற்கத்தான் செய்வான். வட்டத்துக்காக ஒரு பாடவேளையும் போகிறது. இதற்கும் வழி தெரிந்ததுதான்: 2012-13-ல் தென்பகுதிப் பள்ளி ஒன்றில் 106 மாணவர்களை வைத்து நடந்த சோதனையில் வட்டத்தோடு தினமும் ஒரு மணி நேரக் கணக்குப் பயிற்சியும் சேர்த்தார்கள். இரண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்றுநர். கணக்கு மதிப்பெண்கள் நன்றாகவே உயர்ந்தன.

எங்கள் பள்ளியில் வட்டம் இருக்கிறது, அந்தப் பயிற்சி இல்லை. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு இத்திட்டம் வந்தால் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். கூடவே கணக்குப் பயிற்சிக்கு என்ன ஏற்பாடு என்று பள்ளி முதல்வரிடம் கேளுங்கள். ஆசிரியர்கள் கேட்பதைவிடப் பெற்றோர் கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கிறது.