டர்பனில் சில்லறையாக மோல்ட் வாக்ஸ் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

இங்கே ஒரு கடையில் ‘ஹை டெம்ப் மோல்ட் வாக்ஸ்’ (வார்ப்பு அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும், சூடு தாங்கும் மெழுகு) என்று கையால் ஒட்டிய சீட்டோடு விற்றது உண்மையில் கார் பாலிஷ். பெரிய வாளியிலிருந்து அள்ளி நிரப்பியதை, திரும்பக் கொண்டுபோன பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். தைப்பூசத்துக்கான ஃபைபர்கிளாஸ் மயில் வாகனத்தின் அச்சில் அதைப் பூசியதன் பலன்: ஜெல்கோட் (வார்ப்பின் வெளித்தோலாக அச்சில் முதலில் பூசும் ரெசின்) வட்ட வட்டமாக விலகிக் குழி விழுந்தது, இறகு வரிகளில் வார்ப்பு கடித்துக்கொண்டது, ஆப்பு அடித்ததும் அச்சின் மேல்தோலே பெயர்ந்து வந்தது.

பளபளப்புக்காகப் பல கார் பாலிஷ்களில் சிலிக்கான் எண்ணெய் சேர்க்கிறார்கள். அது இருக்கும் இடத்தில் ஜெல்கோட் பரவாமல் சுருங்கி ஒதுங்கும். வார்ப்பை ஒட்டவிடாத கார்னாபா மெழுகோ மிகக் குறைவு. ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பானும் இறுகும்போது எழும் சூடும் அந்த மெல்லிய படலத்தைக் கரைத்துவிடும். பாலிஷில் தேய்ப்புத் தூளும் இருந்தால் முன்பு பூசிய நல்ல மெழுகும் போய்விடும்.

வாங்கினால் சிறிய டப்பா வாங்கி, கண்ணாடித் துண்டில் சோதியுங்கள். பாதியில் புதிய மெழுகு, பாதியில் பழகிய மெழுகு. 2 சதவீதம் ஹார்ட்னர் கலந்த ஜெல்கோட்டை அரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசினால், சிலிக்கான் இருக்கும் பக்கம் சில நிமிடங்களில் குழி காட்டும். பிவிஏ திரவத்தை (மெழுகின் மேல் பூசும், காய்ந்ததும் மெல்லிய தோலாகும் பிரிப்பான்) வைத்துச் சோதிக்காதீர்கள். தண்ணீர் கலந்தது என்பதால் நல்ல மெழுகின் மேலும் சில நேரம் முத்து முத்தாகத் திரளும்.

கெட்டுப்போன அச்சை எடுத்த எடுப்பில் தேய்க்கவே கூடாது. எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். முதலில் வைட் ஸ்பிரிட்டில் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு முறையும் துணியை மாற்றுங்கள். பெயர்ந்த இடத்தை அடைத்த பிறகே 600ஆம் எண்ணிலிருந்து 1200 வரை நீர்த்தாளால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள்) தேய்க்க வேண்டும். அதன்மேல் கார்னாபா மெழுகு ஐந்து பூச்சு, பூச்சுக்கு ஒரு மணி நேர இடைவெளி, கடைசிப் பூச்சுக்கு ஓர் இரவு. பிறகுதான் மெல்லிய தூவலாக பிவிஏ. டர்பன் கோடைப் புழுக்கத்தில் அது காயத் தாமதமாகும். ஈரத்தின் மேல் ஜெல்கோட் போட்டால் சுருக்கம்தான்.

“திறந்த டப்பாவுக்குப் பணம் கிடையாது” என்றார்கள் கடைக்காரர்கள். அந்தப் பேச்செல்லாம் செல்லாது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தையோ மாற்றுப் பொருளையோ கேட்கலாம். ரசீதையும் மீதி மெழுகோடு டப்பாவையும் தூக்கிப் போடாதீர்கள்.