ஸ்கூல், சர்க்கிள், திங்கிஃபிக், மூடில்: கட்டணக் குழுவுக்கும் பாடநெறிக்கும் எது?

பணம் வாங்கி இணையத்தில் பாடமும் உறுப்பினர் குழுவும் நடத்த ஸ்கூல் (Skool), சர்க்கிள் (Circle), திங்கிஃபிக் (Thinkific), மூடில் (Moodle) எனப் பல தளங்கள் உண்டு. அம்சப் பட்டியலை மட்டும் பார்த்தால் எல்லாத் தளங்களும் ஒன்றுபோலவே தெரியும். எதிலும் வீடியோ பாடம் ஏற்றலாம், எதிலும் கலந்துரையாடலாம். உறுப்பினர் இரண்டாவது மாதமும் எதற்காகப் பணம் கட்டப்போகிறார், பாடத்துக்கா, பேச்சுக்கா? இதை முடிவு செய்தாலே பாதி வேலை முடிந்தது.

பாடத்துக்கு என்றால் திங்கிஃபிக். பாடங்களை நாள்வாரியாகத் திறந்துவிடலாம், இடையில் தேர்வு வைக்கலாம், முடித்தவருக்குச் சான்றிதழ் தரலாம். குழுப் பகுதியும் உண்டு. ஆனால் பாடம் முடிந்தபின் அங்கே திரும்பி வர உறுப்பினருக்குக் காரணம் குறைவு.

பேச்சுக்கு என்றால் போட்டி ஸ்கூலுக்கும் சர்க்கிளுக்கும்தான். ஸ்கூலில் எல்லாப் பதிவும் ஒரே வரிசையில் ஓடும். பதிவுக்கு விழும் ஒவ்வொரு லைக்கும் எழுதியவருக்கு ஒரு புள்ளி. புள்ளி சேரச் சேர 9 நிலைகள் ஏறலாம். இந்த நிலையை எட்டினால்தான் இந்தப் பாடம் திறக்கும் என்றும் வைக்கலாம். புதுக் குழுவில் பேச்சு சூடுபிடிக்க இது நன்றாக உதவும். ஆனால் முக்கியப் பாடத்தை ஒருபோதும் இப்படிப் பூட்டாதீர்கள். பேசாமல் படிக்க மட்டும் வந்தவர், காசு கொடுத்தும் கதவு திறக்கவில்லை என்று விலகிவிடுவார். கூடுதல் பாடங்களுக்கு மட்டும் போதும். சொந்த டொமைன் (உங்கள் பெயரிலான இணைய முகவரி) ஸ்கூலில் கிடையாது.

ஸ்கூலின் 9 டாலர் மாதத் திட்டத்தில் வருவாயில் 10% கழியும், 99 டாலர் திட்டத்தில் 2.9%. கணக்குப் போட்டால், மாத வருவாய் சுமார் 1,270 டாலரைத் தாண்டும்போதுதான் பெரிய திட்டம் லாபம். அதுவரை சிறியதே போதும்.

சர்க்கிளில் தலைப்புக்கு ஒரு தனி இடம் அமைத்து, யார் எதைப் பார்க்கலாம் என்று கட்டண வாரியாகப் பிரிக்கலாம். சொந்த டொமைனும் உண்டு. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, முதல் நாளே பதினைந்து இடங்களைத் திறப்பது. ஐம்பது பேர் அவற்றில் சிதறினால் எல்லாமே வெறிச்சோடித் தெரியும். மூன்றில் தொடங்குங்கள். கார்டு பணத்தை வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் சேவை எடுக்கும் கட்டணத்துக்கு மேல் சர்க்கிளும் ஒரு பங்கு எடுக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

பலர் கேட்க மறப்பது வெளியேறும் வழியை. உறுப்பினர் பெயரும் மின்னஞ்சலும் கோப்பாகக் கிடைத்துவிடும், கார்டு விவரம் கிடைக்காது. சர்க்கிளில் உங்கள் சொந்த ஸ்ட்ரைப் கணக்கை இணைப்பதால், தளம் மாறினாலும் கார்டு பதிவுகள் அதிலேயே தங்கும். ஸ்கூலில் பணம் அதன் சொந்தக் கட்டண அமைப்பு வழியாக வருகிறது. அங்கிருந்து கிளம்பினால் ஒவ்வொருவரும் புதிதாகக் கார்டு போட வேண்டும். அந்த இடத்தில் ஒரு பகுதியினர் நின்றுவிடுவார்கள். நீண்டகாலம் நடத்துவதென்றால் எங்கள் தேர்வு சர்க்கிள், காரணம் இதுதான்.

சர்வரைப் பராமரிக்க ஆள் இருந்தால் பாடத்துக்கு மூடிலும், கலந்துரையாடலுக்கு டிஸ்கோர்ஸ் (Discourse) என்ற மன்ற மென்பொருளும் சேர்ந்த வழி உண்டு. இரண்டும் திறமூலம். தேர்வு வைப்பதில் மூடிலை மற்றவை நெருங்க முடியாது, ஆனால் பணம் கட்டிச் சேர அதில் உள்ளமைந்த வசதி ஒருமுறைக் கட்டணத்துக்கானது. மாதச் சந்தாவுக்குத் தனிச் செருகுநிரல் தேவை. டிஸ்கோர்ஸுக்கு 2 ஜிபி ரேம் வையுங்கள். மின்னஞ்சல் அனுப்பும் சேவையை முதலில் சரிசெய்யுங்கள். அது ஓடாவிட்டால் உறுதிப்படுத்தும் மடல் போகாது, யாராலும் சேர முடியாது.

எதை எடுத்தாலும், திறப்பதற்கு முன் வேறொரு மின்னஞ்சலில் நீங்களே பணம் கட்டிச் சேருங்கள். பிறகு சந்தாவை ரத்து செய்து, கட்டிய காலம் முடிந்ததும் பாடமும் குழுவும் இரண்டுமே மூடுகின்றனவா என்று பாருங்கள். பாடம் ஒரு தளத்திலும் குழு இன்னொன்றிலும் இருந்தால், பெரும்பாலும் ஒன்று திறந்தே கிடக்கும்.