ஹெச்டிஎம்ஐ–விஜிஏ 'கேபிள்' வாங்காதீர்கள்: நகரி, புத்தூர் பக்கத்து நண்பர்களுக்கு

ஆந்திராவின் நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு போட நினைப்பவர்கள் பெரும்பாலும் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போகிறார்கள். கார்டு நல்லதாகவே கிடைத்துவிடும். பில் போடும் நேரத்தில் கூடச் சேர்த்துத் தள்ளிவிடும் கேபிளில்தான் ஏமாற்று நடக்கிறது.

தமிழிலும் தெலுங்கிலும் கல்யாணப் பத்திரிகை டிசைன் போட்டுக் கொடுக்கும் நகரிக்காரர் ஒருவருக்கு நடந்தது இது. அவருடையது 19 அங்குல மானிட்டர், 1280×1024, பின்னால் விஜிஏ (15 துளையுள்ள பழைய போர்ட்) மட்டும். வாங்கிய கார்டில் மூன்று டிஸ்ப்ளேபோர்ட், ஒரு ஹெச்டிஎம்ஐ; இரண்டும் புது வகை டிஜிட்டல் போர்ட்கள். "இதுக்குத் தனி கேபிள் இருக்குதுண்ணா, மாட்டுனா படம் வந்துரும்" என்று ஒரு முனை ஹெச்டிஎம்ஐ, மறுமுனை விஜிஏ உள்ள கேபிளைக் கொடுத்தார்கள். படம் வரவில்லை. திரும்பப் போனபோது அதை மாற்றித் தராமல், இன்னொரு டப்பாவைக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அதிலும் வரவில்லை. கடைசியில் போனில் வந்த பதில்: "மானிட்டர் பழசுண்ணா, புதுக் கார்டுக்கு ஒத்துவராது. புதுசு வாங்கிக்குங்க." அந்த மானிட்டரில் ஒரு குறையும் கிடையாது.

கேபிளின் ஹெச்டிஎம்ஐ முனையைப் பிளேடால் கிழித்துப் பார்த்தோம். 19 பின்களில் சிலவற்றில் மட்டும் மெல்லிய ஒயர்கள் நேராகப் பற்றவைக்கப்பட்டு, அப்படியே விஜிஏ முனைக்குப் போகின்றன. சிப்பும் இல்லை, சிறு போர்டும் இல்லை. ஹெச்டிஎம்ஐயில் வருவது டிஜிட்டல் சிக்னல். விஜிஏ மானிட்டருக்கு வேண்டியது சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கு ஒரு ஒயரில் 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் அனலாக் சிக்னல், கூடவே வரியும் திரையும் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் இரண்டு சிங்க் சிக்னல். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நடுவில் ஒரு சிப்பு வேண்டும். வெறும் ஒயர் அதைச் செய்யாது. எந்தக் கம்பெனி கார்டில் போட்டாலும் செய்யாது.

"முன்னாடியெல்லாம் சின்ன அடாப்டர் போட்டாலே வந்ததே" என்று கேட்பீர்கள். அது டிவிஐ-ஐ போர்ட், அனலாக், டிஜிட்டல் இரண்டும் தரும் பழைய வகை. கார்டுக்குள்ளேயே அனலாக் மாற்றி இருந்தது. தட்டைப் பின்னைச் சுற்றியுள்ள நான்கு பின்கள் வழியாக அந்த சிக்னல் வெளியே வந்தது. என்விடியா 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்தும், ஏஎம்டி 2013இல் வந்த ஆர்9 290இல் தொடங்கிப் படிப்படியாகவும் அதை விட்டுவிட்டன. அப்படி விட்ட கார்டில் டிவிஐ இருந்தாலும் அது டிஜிட்டல் மட்டும் தரும் டிவிஐ-டி. அந்த நான்கு துளைகள் இருக்காது. பழைய அடாப்டரின் நான்கு பின்களையும் வெட்டிவிட்டு டிவிஐ-டியில் சொருகச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். சொருகும், ஆனால் படம் வராது.

இரண்டாவதாகக் கொடுத்த டப்பாவில் சிப்பு இருந்தது. ஆனால் அது எதிர்த்திசைப் பொருள்: விஜிஏ உள்ள பழைய லேப்டாப்பைப் புது டிவியில் போடுவதற்கானது. இந்த வகை மாற்றிகள் ஒரே திசையில்தான் வேலை செய்யும். கடையிலேயே கண்டுபிடிக்கலாம். நமக்கு வேண்டியதில் ஹெச்டிஎம்ஐ முனை கார்டில் சொருகும் ஆண் முனை. விஜிஏ பக்கம் 15 துளையுள்ள பெண் முனை, மானிட்டரின் நீல நிற ஒயர் அதில் போய் உட்காரும். விஜிஏ பக்கம் பின் நீட்டிக்கொண்டு, ஹெச்டிஎம்ஐ பக்கம் துளையாக இருந்தால் வாங்காதீர்கள்.

கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் சும்மா இருக்கிறதென்றால் எங்கள் பரிந்துரை டிஸ்ப்ளேபோர்ட்–விஜிஏ அடாப்டர்தான். ஹெச்டிஎம்ஐயின் 5 வோல்ட் பின்னிலிருந்து 55 மில்லிஆம்பியர்தான் உறுதியாகக் கிடைக்கும். சிப்பு அதைவிட அதிகம் இழுத்தால் படம் வந்து வந்து போகும், சில நேரம் அடாப்டர் சுடும். டிஸ்ப்ளேபோர்ட்டில் 3.3 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை கிடைக்கும். ஹெச்டிஎம்ஐ அடாப்டர்தான் வேண்டுமென்றால் பக்கத்தில் யுஎஸ்பி பவர் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பணமே செலவழிக்காத வழியும் சிலருக்கு உண்டு. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். மதர்போர்டின் பின்னால் விஜிஏ போர்ட் இருந்து, ப்ராசஸரிலும் கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டரை அங்கேயே மாட்டலாம். இன்டெல்லில் மாடல் எண் எஃப் என்று முடிந்தால் (12400எஃப் போல) கிராபிக்ஸ் இருக்காது. ரைசன் 5600இலும் இருக்காது, 5600ஜியில் இருக்கும். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது போகும் செட்டிங்ஸ் திரை) உள் கிராபிக்ஸை ஆன் செய்துவிட்டு, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் உங்கள் சாஃப்ட்வேருக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். வேலையைப் புதுக் கார்டு செய்யும், படம் பழைய போர்ட் வழியாக வரும். வேகம் கொஞ்சம் குறையும். பத்திரிகை டிசைனுக்கு அது தெரியவே தெரியாது.

சரியான அடாப்டர் போட்ட பிறகும் 1024×768க்கு மேல் வரவில்லை என்றால் விஜிஏ ஒயரைச் சந்தேகப்படுங்கள். 12, 15ஆம் பின்கள் வழியாகத்தான் மானிட்டர் தன் அளவைக் கார்டுக்குச் சொல்கிறது. மலிவான ஒயர்களில் அவற்றை இணைக்காமலே விட்டுவிடுகிறார்கள். எழுத்து மங்கினாலோ நடுங்கினாலோ 60 ஹெர்ட்ஸில் வைத்து, மானிட்டர் மெனுவில் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' அழுத்துங்கள். அகலத்திரை அல்லாத இந்த மாதிரி 19 அங்குல மானிட்டருக்கு 1280×1024தான் சரியான அளவு. வேறு எதில் வைத்தாலும் எழுத்து குழையும். கட்டணப் படத் தளங்களில் படம் கறுத்துப்போனால் அது அடாப்டர் கோளாறு அல்ல, விஜிஏயில் நகலெடுப்பைத் தடுக்கும் காப்புக் குறியீடு (ஹெச்டிசிபி) போகாது என்பதால் வருவது.

2560×1440, 2560×1600 டிவிஐ மானிட்டரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்குச் சாதாரண டிஸ்ப்ளேபோர்ட்–டிவிஐ ஒயர் போதாது. அது 1920×1200 வரைதான் போகும். யுஎஸ்பி பவரோடு வரும் டூயல் லிங்க் (இரட்டைத் தடம்) அடாப்டர் என்று கேட்டு வாங்க வேண்டும். விலை பல மடங்கு, வாங்கும் முன் யோசியுங்கள்.

"மானிட்டர் போச்சு" என்று யார் சொன்னாலும் உடனே நம்பாதீர்கள். பவரை மட்டும் கொடுத்து, சிக்னல் ஒயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். 'நோ சிக்னல்' அல்லது ஒயரைச் சரிபார்க்கச் சொல்லும் கட்டம் திரையில் தெளிவாகத் தெரிந்தால் பேனலும் விளக்கும் நன்றாக இருக்கின்றன. பிறகு விஜிஏ உள்ள ஏதாவது பழைய லேப்டாப்பில் மாட்டிப் பாருங்கள்.

பில்லில் வெறும் 'கேபிள்' என்று எழுத விடாதீர்கள். 'ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ ஆக்டிவ் அடாப்டர்' (ஆக்டிவ் என்றால் சிப்பு உள்ளது) என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள், கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். பில்லில் காலக்கெடு ஏதும் இல்லையென்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால், கடை தமிழ்நாட்டில் இருந்தாலும் ஆந்திராவில் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும், கிழித்த கேபிளையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.