மண்டபம் ரோட்டில் ஜப்பானிய அக்குபங்சர்: போகலாமா?

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் அக்குபங்சர் என்றாலே பலருக்கும் தொடு சிகிச்சைதான் நினைவுக்கு வரும். நாடி பார்த்து, ஒரு புள்ளியில் விரலை வைத்து எடுத்துவிட்டு, போயிட்டு வாங்க என்று அனுப்பிவிடுவார்கள். உச்சிப்புளி தாண்டி மண்டபம் போகிற வழியில் ஒரு வீட்டு மாடியில் நடக்கிற இந்த ஜப்பானிய முறை கிளினிக் வேறு ரகம். இங்கே ஊசி உண்டு, நெருப்பும் உண்டு, ஆனால் முக்கால்வாசி நேரம் வேலை செய்வது கைதான். தோள்பட்டை இறுகிப்போய் சட்டை மாட்டக்கூட ஆள் வேண்டும் என்ற நிலையில் போனேன், இரண்டு மாதம் போல விட்டுவிட்டுப் போய் வந்தேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

மல்லாக்கப் படுக்கச் சொல்லி முதலில் வயிற்றைத்தான் பார்க்கிறார் அந்த அக்கா (எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்). விலாவுக்குக் கீழே, தொப்புளைச் சுற்றி, அடிவயிற்றில் மெதுவாக அழுத்தி எங்கே இறுக்கம், எங்கே வலி என்று கேட்டுக்கொண்டே போகிறார். அப்புறம் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து ஒரே நேரத்தில் நாடி. தோள் வலிக்கு வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அடுத்து நடந்ததுதான் சுவாரசியம்: காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப தோளைத் தொடுறேன், வலி குறைஞ்சிருக்கா தம்பி?" என்று கேட்கிறார். இல்லை என்றால் புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி கேட்கிறார், மறுபடி நகர்த்துகிறார், குறைகிறது என்று நாம் சொன்ன பிறகுதான் ஊசிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். ஊசியை எடுத்த பிறகும் வயிறு, நாடி இரண்டையும் திரும்பப் பார்க்கிறார். இதனால் ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஓடிவிடும், அவசரக்காரர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஊசி பற்றிப் பயமே தேவையில்லை. சீன முறையில் 0.25, 0.30 மில்லிமீட்டர் ஊசி சாதாரணம், இங்கே 0.16, 0.18 தான். சின்ன பிளாஸ்டிக் குழாய்க்குள் ஊசியை வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மேல் நுனியை விரலால் இரண்டு தட்டு, குழாயை உருவிவிடுகிறார், அவ்வளவுதான். உள்ளே போவதும் பல இடங்களில் சில மில்லிமீட்டர்தான். பக்கத்துக் கட்டிலில் முழங்கால் வலியோடு வந்திருந்த, பாசி எடுக்கக் கடலில் இறங்குகிற ஒரு ஆத்தா, ஊசி போட்டு ரொம்ப நேரம் கழித்து "இன்னும் போடலையா தாயி?" என்று கேட்டது எனக்கே கேட்டது. (நடுவில் வெறும் திரைச்சீலைதான். நம் வியாதி பக்கத்துக் கட்டிலுக்கும் தெரியும், இது எனக்குப் பிடிக்கவில்லை.)

இந்தக் குழாய் முறையை ஜப்பானில் பரப்பியவர் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாய்ச்சி என்ற பார்வையற்ற வைத்தியர். எனோஷிமா தீவில் தவமிருந்தவர் கல் தடுக்கி விழுந்தபோது கையில் மூங்கிலும் பைன் மர ஊசியிலையும் சிக்கின, அதிலிருந்துதான் யோசனை வந்தது என்று கதை சொல்கிறார்கள். கதையை விடுங்கள், பார்வையற்றவர்களுக்காக அவர் பள்ளிகள் நடத்தியது உண்மை, இன்றும் அங்கே பார்வையற்றோர் பள்ளிகளில் இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். கண்ணை விட விரலை நம்புகிற பழக்கம் அந்த வழியாகவும் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நெருப்பு விஷயம்: நம் மாசிபத்திரிக்கு உறவான ஒரு செடியின் இலையைப் பஞ்சு மாதிரி ஆக்கி, அரிசி மணியில் பாதி அளவுக்கு உருட்டி, தோலில் களிம்பு தடவி அதன் மேல் நிறுத்தி, ஊதுபத்தியால் பற்ற வைக்கிறார். சுருக்கென்று சூடு ஏறும்போதே விரலால் நசுக்கி அணைத்துவிடுகிறார். ஒரே இடத்தில் மூன்று, ஐந்து முறை கூட. வலி கிடையாது, ஆனால் பஞ்சு பறக்கும் என்பதால் அந்த நேரம் ஃபேனை நிறுத்திவிடுகிறார்கள். மே மாதம், கடற்காற்றும் விழுந்துபோன மத்தியானம், ஃபேன் இல்லாமல் புகையோடு படுத்துக் கிடப்பதை யோசித்துக்கொள்ளுங்கள். காலை நேரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. கடைசியில் காதுக்குப் பின்னாலோ தோளிலோ பொட்டு மாதிரி ஒட்டி அனுப்புகிற குட்டி ஊசி இரண்டு மூன்று நாள் இருக்க வேண்டுமாம், நம் ஊர் வியர்வைக்கு எனக்கு ஒருநாள்கூடத் தாங்கவில்லை.

பலன்? ராத்திரி திரும்பிப் படுத்தால் விழிப்பு வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. கை முழுசாக மேலே போகவில்லை, முக்கால்வாசி போகிறது. இறுகின தோள் நாளாக ஆகத் தானாகவும் இளகும், கூடவே சுவரில் விரலை ஏற்றுகிற பயிற்சியும் கொடுத்திருந்தார், ஆகவே எல்லாப் பெருமையையும் ஊசிக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. நாள்பட்ட வலிக்கு ஓரளவு உதவும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, அந்த ஓரளவுக்குத்தான் நானும் சாட்சி. கீழே படிக்கட்டில் ஒட்டியிருக்கிற நோட்டீஸில் சர்க்கரை, தைராய்டு, குழந்தையின்மை என்று நீளப் பட்டியல் இருக்கிறது. அதைக் கிழித்தால் இடத்துக்கு மரியாதை கூடும். அக்காவோ நேரில் அப்படி எதுவும் பேசுவதில்லை, பிரஷர் மாத்திரையை நிறுத்தவா என்று கேட்ட ஒருவரை நன்றாகத் திட்டி அனுப்பினார்.

முதல் தடவை 700 ரூபாய், அப்புறம் 500. ஊசி ஒவ்வொரு தடவையும் புதுசு, நம் கண் முன்னாலேயே பிரிக்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் காலில் நெருப்பு வைக்க விடாதீர்கள், சுடுவது தெரியாமல் புண்ணாகிவிடும். போனை மட்டும் எடுக்கவே மாட்டார்கள், வாட்ஸ்அப்பில் நேரம் கேட்டால் சாயங்காலத்துக்குள் பதில் வரும்.