மூன்று நாள் "வாழ்க்கை மாற்ற" முகாம்: 64,900 ரூபாய் போனது இப்படித்தான்

64,900 ரூபாய். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஹாலில் கடைசி இரவு வரைக்கும் இந்தத் தொகையை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை.

நிறுவனத்தின் பெயர் இங்கே இல்லை, நோட்டீஸ் போக வேண்டியிருக்கிறது. வகையை மட்டும் சொல்கிறேன். 99 ரூபாய் ஆன்லைன் வகுப்பில் பிடித்து, கன்னியாகுமரியில் கடலைப் பார்த்த ஹோட்டல் ஹாலில் மூன்று நாள் தங்க வைத்து, "உள்ளே உறங்கும் சக்தியை" எழுப்பும் வகை. முகாமுக்கு 12,500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 14,750. மூன்றாம் இரவு "அடுத்த நிலை" என்று 42,500, ஜிஎஸ்டியோடு 50,150. கூட்டிப் பாருங்கள், 64,900. கல்லூரிகளில் மென்திறன் பயிற்சி எடுத்துப் பிழைக்கிறவன் நான். இந்த வித்தைகளில் முக்கால்வாசி தெரியும். தெரிந்தும் போனதுதான் எரிகிறது. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

நல்லதையும் மறைக்கக் கூடாது. முதல் நாள் காலை நன்றாகவே இருந்தது. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் ஐந்து நிமிடம் பேச மற்றவர் வாய்திறக்காமல் கேட்கிற பயிற்சி உண்மையிலேயே வேலை செய்யும். மேடையைக் கண்டால் கை நடுங்குகிறவர் நாற்பது பேர் முன்னால் நின்று பேசிவிட்டால், அந்தத் துணிச்சல் கொஞ்ச காலம் நிற்கும். மூன்று நாள் போனைத் தொடாமல் இருப்பதே பலருக்கு மருந்து. ஆனால் இதன் விலை என்ன? மதியச் சாப்பாட்டோடு ஒரு நாள், இரண்டாயிரத்துக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. பெருங்கூட்டமாக நடத்தும் இந்த வகைப் பயிற்சியை அமெரிக்காவில் உளவியலாளர்கள் பின்தொடர்ந்து பார்த்து 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். "என் வாழ்க்கை என் கையில்" என்ற எண்ணம் முதலில் கொஞ்சம் கூடுகிறது, ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால் அதுவும் இல்லை.

சரக்கும் புதிதல்ல. 1971-ல் சான்பிரான்சிஸ்கோவில் வெர்னர் எர்ஹார்ட் என்பவர் "எஸ்ட்" என்று ஒன்றைத் தொடங்கினார். இரண்டு வாரக்கடைசி, மொத்தம் சுமார் 60 மணி நேரம், நினைத்த நேரத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போக முடியாது. அதற்கு முன்னால் அவர் கார் விற்றவர், புத்தகத் தொகுதிகள் விற்றவர். இதைத் தெரிந்துகொண்டு நேர அட்டவணையைப் பாருங்கள். காலை எட்டரைக்குத் தொடக்கம், இரவு பதினொன்றரைக்கு முடிவு. ஏசி பதினெட்டில். போனைத் துணிப்பையில் போட்டு டோக்கன் கொடுத்து வாங்கிவிடுவார்கள். கையெழுத்துப் போட வேண்டிய நாலு பக்கத் தாள், வரிசையில் பின்னால் முப்பது பேர் நிற்கும்போதுதான் கைக்கு வரும். "பணம் திருப்பித் தரப்படாது, வேறு பேட்ச்சுக்கு மாற்றலாம்" என்ற வரி மூன்றாம் பக்கத்தில் இருந்தது. விவேகானந்தர் பாறை ஜன்னல் வழியாகத் தெரிகிறதல்லவா, அதையும் விடவில்லை. "1892-ல் அவருக்கு மூன்று நாள், இன்றைக்கு உங்களுக்கு மூன்று நாள்" என்றார் பயிற்சியாளர். படகுக்குக் காசில்லாமல் நீந்திப் போனார் என்று நம்மூரில் சொல்லும் கதையை மட்டும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் மாலை "சுவாசப் பயிற்சி". விளக்கை அணைத்து, பாயில் படுக்க வைத்து, டிரம் இசைக்கு ஏற்ப இருபது நிமிடம் வேக வேகமாக மூச்சு விடச் சொல்கிறார்கள். அப்படி விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். உதடும் விரலும் மரத்துப்போகும், தலை சுற்றும், கைவிரல்கள் கோணிக்கொண்டு இழுக்கும். சாதாரணமாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். இதைத்தான் "அடைபட்ட சக்தி வெளியேறுது" என்றார்கள். வலிப்பு, இதய நோய், கர்ப்பம், திடீர்ப் பதற்றம் உள்ளவர்களுக்கு இது ஆபத்து. இருதுருவ மனநோய் (பைபோலார்) இருப்பவருக்குத் தூக்கம் கெடுவதே நோயைக் கிளப்பிவிடும். ஹாலில் மருத்துவர் கிடையாது. யாருக்கு என்ன நோய் என்று கேட்டு வாங்கிய படிவமும் கிடையாது. 2009-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் செடோனா பக்கம் இப்படி ஒரு முகாமில், சுட்ட கற்களால் ஆவி ஏற்றிய "வியர்வைக் கூடாரத்துக்குள்" உட்கார வைத்து 3 பேர் செத்தார்கள். நடத்தியவருக்கு 2011-ல் இரண்டு வருடச் சிறை.

மூன்றாம் நாள் சாயங்காலம் தீ. நம் மாவட்டத்து ஆட்களுக்கே பூக்குழியைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள் பாருங்கள்! அம்மன் கோயிலில் விரதம் இருந்து இறங்குகிறவர் யாருக்கும் கட்டணம் கட்டுவதில்லை. கட்டை எரிந்து தணலாகி மேலே சாம்பல் பூத்த பிறகு, நாலைந்து எட்டு வேகமாக வைத்தால் பெரும்பாலும் சுடாது. கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், ஒவ்வொரு பாதமும் தணலில் ஒரு நொடி கூட நிற்பதில்லை. மனவலிமைக்கு இதில் வேலையில்லை. நடுவில் செல்பிக்கு நின்றால் சுடும், ஈரக்காலில் தணல் ஒட்டினால் சுடும். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்குக் கொப்புளம். "நம்பிக்கை முழுசா வரல" என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது, பர்னால் கூட இல்லை.

இப்போது அந்த இரவு. தீயிலிருந்து வந்த கையோடு, அப்பா அம்மாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுத வைத்தார்கள். ஹாலே அழுதது. மூன்று நாளாகத் தூக்கமில்லாதவன் அழுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. பதினொன்று இருபதுக்கு விளக்கைப் போட்டார்கள். பின்சுவர் ஓரம் ஆறு மேசை, ஒவ்வொன்றிலும் ஒரு "வாலண்டியர்". போன பேட்ச்சில் பணம் கட்டினவர்கள்தான், சம்பளம் இல்லை, தலைக்கு இத்தனை பேர் என்று கணக்கு மட்டும் உண்டு. இரவு 12 மணிக்குள் 42,500, நாளை 85,000. என் மேசையில் இருந்தது மார்த்தாண்டம் பக்கத்துப் பையன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நான் உங்களுக்குப் பொறுப்பு. எட்டு வாரம் தனித்தனியா கோச்சிங், பிடிக்கலன்னா நானே பணத்த வாங்கித் தாறேன்" என்றான். அந்தக் குரலைத்தான் நம்பினேன். துணிப்பையிலிருந்து போனைத் திருப்பித் தந்தது அப்போதுதான், ஓடிபி சொல்வதற்காக. 10,150 ஸ்கேன் பண்ணினேன். திரையில் வந்தது கம்பெனி பெயரல்ல, ஒரு தனி ஆளின் பெயர். அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டு பின் நம்பரையும் போட்டேன். மிச்சம் 40,000-க்குக் கடன் ஆப்பில் மாதத் தவணை.

மறுநாள் காலை தூங்கி எழுந்ததும் புத்தி வந்தது. ஒன்பது மணிக்குக் கூப்பிட்டு, கடனை ரத்து பண்ணச் சொன்னேன். "ஆபீஸ்ல பேசுறோம் அண்ணே, நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க." மாலையில் "சர்வர் பிரச்சினை". மறுநாள் "திங்கட்கிழமை மேடம் வருவாங்க". டிஜிட்டல் கடனில் ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது ஒரு நாளாவது விலகும் அவகாசம் தர வேண்டும். அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டினால் அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். எத்தனை நாள் என்பது கடன் விவரத் தாளில் இருக்கும். அந்த அவகாசம் தீரும்வரை என்னை இழுத்தடித்தார்கள். தீர்ந்த பிறகு பேச்சே மாறிவிட்டது: "அண்ணே, இந்தக் கோபம்தான் உங்க பிளாக், மனத்தடை. பணத்தோட உங்களுக்கு உறவு சரியில்ல."

இதுதான் இந்தத் தொழிலின் மையம். மூன்று நாளும் சந்தேகத்தை ஒரு வியாதி என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு பணத்தைக் கேட்டாலும் நீங்கள் நோயாளிதான். மளிகைக் கடையில் புழுத்த அரிசியைத் திருப்பிக் கொண்டுபோனால், அரிசியோடு உனக்கு உறவு சரியில்லை என்பார்களா?

எட்டு வாரத் தனிக் கோச்சிங் என்றது வாட்ஸ்அப் குரூப்பும் பழைய வீடியோவும். அடுத்து "இரண்டு பேரைக் கூட்டி வாங்க, உங்க கட்டணம் குறையும்" என்றார்கள். ஆள் சேர்ப்பதற்கே காசு என்ற பிரமிடு முறையை 2021 நேரடி விற்பனை விதிகள் தடுக்கின்றன. சீட்டுக் கம்பெனிகளில் சூடுபட்ட மாவட்டம், இதை விளக்க வேண்டியதில்லை.

பத்து நாள் விபாசனா தியான முகாமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டணம் கிடையாது, முடித்தவர்களிடம் மட்டும்தான் நன்கொடை வாங்குவார்கள். உடல், மன நோய் விவரங்களை விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். அதுவும் எல்லோருக்கும் ஒத்துவராது, ஆனால் பணமேசை இல்லை.

இனி செய்ய வேண்டியது. ரசீது கேட்டேன், வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஜிஎஸ்டி என்று 9,900 பிடித்திருக்கிறார்கள், பதிவெண் இல்லை. பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. 15 எழுத்து எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33-ல் தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் பெயர் வந்துவிடும். பில் தராததே 2019 நுகர்வோர் சட்டத்தில் முறையற்ற வணிகம். நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்துவிட்டேன். அடுத்தது நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 64,900-ஐயும் கேட்கப்போகிறேன், தவணை வட்டியையும் சேர்த்து.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. போனைக் கொடுக்காதீர்கள். இரவு ஒன்பதுக்கு மேல் எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். தனி ஆள் பெயருக்கு ஸ்கேன் பண்ணாதீர்கள். கடன் எடுத்துவிட்டால் அவர்களிடம் கேட்காமல் நேராகக் கடன் ஆப்புக்கே அன்றைக்கே எழுத்தில் ரத்து கேளுங்கள். அதே முகாமில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், குரூப் மெசேஜ்களை இப்போதே எக்ஸ்போர்ட் பண்ணி வையுங்கள். ரசீது கேட்ட மறுநாள் காலை என்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.