ஊட்டிக் குளிரில் பெட்ரோல் கார்: காலை ஐடிலிங் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடுவது) பற்றி என் நீண்ட நாள் அனுபவம்

கீழிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வருகிறவர்கள் முதல் டிசம்பரிலேயே கேட்டுவிடுவார்கள், "காலையில ஸ்டார்ட் பண்ணினா வண்டி ஏன் இப்படி உறுமுது?" என் கார் 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், பிஎஸ்6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) பெட்ரோல். ஷெட் கிடையாது, வெட்டவெளியில்தான் நிற்கும். ஜனவரியில் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

அந்த உறுமலைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சென்சார் தரும் வெப்பநிலையைப் பார்த்து, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது, ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) ஏற்றுகிறது. கூடவே ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதப்படுத்திச் சூட்டைச் சைலன்சர் பக்கம் தள்ளுகிறது. புகை போகும் குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூட்டுக்கு வந்தால்தான் புகையைச் சுத்தம் செய்யும். ஆரம்பத்தில் கேட்கும் கரகரப்பு பெரும்பாலும் இதனால்தான். பழைய மாருதி 800-ல் சோக் (குளிரில் பெட்ரோல் கலவையைக் கூட்டும் பிடி) இழுத்து நாம் பார்த்த வேலையை இப்போது இசியூ பார்க்கிறது.

நான் கவனிப்பது ஆர்பிஎம் எவ்வளவு ஏறுகிறது என்பதை அல்ல, எப்படி இறங்குகிறது என்பதை. ஸ்டார்ட் ஆனதும் ஆர்பிஎம் முள் 1500 வரை எகிறி 1300 பக்கம் நிற்கும். அரை நிமிடம் போனதும் கரகரப்பு அடங்கிச் சத்தம் மெத்தென்று ஆகும். அதன்பின் முள் நிதானமாக இறங்கி, நன்றாகச் சூடானதும் 750-ல் உட்காரும். கோவையில் தங்கும் நாட்களில் இதே வண்டி ஒரு நிமிடத்துக்குள் ஆயிரத்துக்குக் கீழே வந்துவிடுகிறது.

ஐம்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய பிறகு இந்த இறக்கம் கெட்டது. முள் 900-க்கும் 1300-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றியபோது தட்டின் விளிம்பு முழுக்கக் கருப்பாகக் கரி. துடைத்து, ஐடில் ரீலேர்ன் (இசியூவுக்கு ஐடில் அளவை மறுபடி பழக்குவது) செய்ததும் அந்த ஆட்டம் நின்றது. ஆனால் ஐடில் இறங்கத் தாமதமாவது மட்டும் போகவில்லை, மைலேஜும் அடிவாங்கியது. சர்வீஸ் சென்டரில் "மலைல இப்படித்தான் சார் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அந்தப் பதில் இன்றும் உறுத்துகிறது. இதே மலையில் அதற்கு முன்பு நன்றாக இருந்த வண்டிதானே!

குன்னூரில் ஒரு மெக்கானிக், இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸில் கை வைத்துக் காத்திருந்தார். தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு, மூடியிருந்தால் அந்த ஹோஸ் வெகுநேரம் சில்லென்று இருந்து, அது திறந்த பிறகுதான் சுடும். என் வண்டியில் ஆரம்பத்திலிருந்தே இளஞ்சூடு ஏறிக்கொண்டிருந்தது. "தெர்மோஸ்டாட் திறந்தே நிக்குதுண்ணா. ஹீட்டர்ல கை வெச்சுப் பாருங்க, வெதுவெதுன்னுதான வருது?" இசியூ பார்க்கும் அளவுகளைக் காட்டும் ஓபிடி ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால், 80-ஐத் தாண்ட வேண்டிய கூலன்ட் ஓட்டத்திலேயே 65, 70 டிகிரிதான். பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது இன்னும் குறைந்தது. இசியூ இன்ஜின் இன்னும் ஆறித்தான் இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டியே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும் மாற்றியதும் பழைய இறக்கம் திரும்பியது. மைலேஜும் ஹீட்டர் சூடும் கூடவே வந்தன.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குவதை நான் செய்வதில்லை. சத்தம் மெத்தென்று ஆனதும் கிளம்பி, முள் 2500-ஐத் தாண்டாமல் ஓட்டுகிறேன். ஐடிலிங்கைவிட ஓட்டத்தில்தான் இன்ஜின் சீக்கிரம் சூடாகும். வீடு, பள்ளி, மார்க்கெட் என்று குறைந்த தூரமே ஓடும் வண்டியில், எரியாத பெட்ரோல் பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலில் கலந்துவிடும், ஆயில் சூடாகாததால் ஆவியாகியும் போகாது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை மோந்தாலே பெட்ரோல் வாடை தெரியும். அதனால் கிலோமீட்டர் கணக்கை எதிர்பார்க்காமல் ஒவ்வொரு வருடமும் குளிர் முடிந்ததும் ஆயில் மாற்றிவிடுகிறேன், கம்பெனி சொன்ன அதே 0டபிள்யூ-20 கிரேடில் (ஆயிலின் அடர்த்தி வகை).